பழுதான பைனாகுலரும் பதிலுக்கு வாங்கியதும்

பறவை பார்க்க இணையத்தில் நான் வாங்கிய 10×42 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முகப்பு வில்லை 42 மில்லிமீட்டர்) விலை உயர்ந்தது. நிறமும் துல்லியமும் அருமை. ஆனால் கேரளத்தின் சின்னாறு சரணாலயத்தில் சிறிது நேரம் பார்த்தாலே நெற்றிப்பொட்டு வலித்தது. கூட வந்த வழிகாட்டித் தம்பியிடம் கொடுத்தேன். "அண்ணே, பாறையில் இருக்கிற குருவி இரண்டாகத் தெரிகிறதே" என்றார்.

இரண்டு குழல்களும் ஒரே திசையை நோக்கவில்லை. உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக்கட்டியான பிரிசம் இம்மி நகர்ந்தாலும் இப்படி ஆகும். கோளாறு சிறிதென்றால் கண்களே சிரமப்பட்டு இரு காட்சிகளையும் ஒன்றாக்கிவிடும். அந்தச் சிரமம்தான் தலைவலி.

மறையூர் திரும்பியதும் பைனாகுலரை முக்காலியில் இறுக்கி, கரும்புத் தோட்டத்துக்கு அப்பால் போகும் மின்கம்பியைப் பார்த்தேன். கண்ணை ஒட்டிப் பார்த்தால் ஒரே கம்பி. தலையை மெல்லப் பின்னுக்கு இழுத்ததும் இடப்பக்க வட்டத்தில் கம்பி மேலேறி நின்றது. நல்ல பைனாகுலரில் இரு வட்டங்களிலும் அது ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும்.

விற்றவர்களிடம் சொன்னால், "டையாப்டர் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள், சார்" என்றார்கள். எத்தனை முறை விளக்கினாலும் அதே பதில். அந்த வளையம் இரு கண்களின் பார்வை வேறுபாட்டைச் சரிசெய்ய வைத்தது. குழலின் கோணலை அது தொடவே தொடாது. வாய்ப்பேச்சு உதவாது என்று தெரிந்தது. முக்காலியை அசைக்காமல் இரு கண்வில்லைகளிலும் கைபேசியை வைத்து, ஒரே மின்கம்பத்தைப் படம் எடுத்தேன். ஒரு வட்டத்தில் கம்பத்தின் உச்சி நடுவில். மற்றதில் நன்றாகக் கீழே. படங்களையும் பில்லையும் இணைத்து மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள்படி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இதையெல்லாம் எழுதிய பிறகு டையாப்டர் பேச்சு நின்றது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கும் தேவையே வரவில்லை.

திரும்ப வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டாலும், மறையூருக்கு வந்து பார்சலை எடுக்க மாட்டார்களாம். மலையில் இருப்பவன் மட்டும் அலைய வேண்டுமா என்று கோபம் வந்தது. உடுமலைப்பேட்டையில் இன்சூரன்ஸுடன் கூரியரில் போட்டு, அந்தச் செலவையும் சேர்த்தே பணத்தைத் திரும்பப் பெற்றேன்.

அடுத்ததைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்குவது என்று கோயம்புத்தூர் போனேன். இந்த முறை 8×42. பாம்பாற்றங்கரை மரநிழலில் விடியற்காலை வெளிச்சம் குறைவு. 42ஐ எட்டால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 5.25 மில்லிமீட்டர், பத்தால் வகுத்தால் 4.2 தான். காட்சிப்பரப்பும் அகலம், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். முட்புதருக்குள் தாவும் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவையைத் தேட எனக்கு இது போதும். மூக்குக்கண்ணாடி போடுகிறவன் என்பதால், கண்ணாடியோடு பார்த்தும் முழு வட்டம் தெரிகிறதா என்று சோதித்தேன்.

கண்காட்சிக்கு வைத்ததை விட்டுவிட்டு, எனக்குத் தரப்போகும் பெட்டியையே பிரிக்கச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் வாசல்வரை வந்தார். எதிர்க்கட்டடத்தின் கைப்பிடிச்சுவர் இரு வட்டங்களிலும் ஒரே மட்டத்தில் நின்றது. பில்லில் வரிசை எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.