தார் எஸ் சலாம் நாட்குறிப்பு: மணி மூன்று என்றால் ஒன்பது

2023 அக்டோபர் 7, சனி

குளியலறைக் குழாய் மூன்று நாளாய்க் கசிகிறது. வாளி வைத்து, வாளி நிறைந்ததும் செடிகளுக்கு ஊற்றி, மறுபடி வைத்து, எனக்குக் கை வலி. பழுது பார்க்க ஒரு ஃபுண்டியைச் சொல்லியிருந்தோம். தச்சர், கொத்தனார், குழாய்க்காரர் என்று கைவேலை தெரிந்த எல்லாரும் இங்கே தான்சானியாவில் ஃபுண்டிதான். "சனிக்கிழமை ஸா டாட்டு" என்றார். இங்கே பேசும் சுவாஹிலியில் ஸா என்றால் மணி, டாட்டு என்றால் மூன்று. இந்த இரண்டு சொல்லும் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றுக்குத்தானே வருவார் என்று காலையில் நானும் கணவரும் தம்பியைக் கூட்டிக்கொண்டு காரியக்கூ சந்தைக்குப் போய்விட்டோம்.

திரும்பி வந்தால் வாசலில் நிற்கும் அஸ்காரி, காவல்காரர், கையை விரிக்கிறார். ஃபுண்டி ஒன்பது மணிக்கே வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம்.

சுவாஹிலியில் நாள் விடிகாலை ஆறிலிருந்து தொடங்குகிறது. ஏழு மணிதான் ஒன்று. எட்டு மணி இரண்டு. உச்சிப்பொழுது ஆறு. சாயங்காலம் ஆறுக்குப் பன்னிரண்டு முடிந்து, இரவு ஏழுக்கு மறுபடி ஒன்று. அஸ்காரி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்: சின்ன முள் எந்த எண்ணில் நிற்கிறதோ, அதற்கு நேரெதிரே இருக்கும் எண்தான் இவர்கள் மணி.

ராத்திரி படுத்தபிறகுதான் தாத்தாவின் நினைவு வந்தது. ஜாதகத்தில் 'உதயாதி நாழிகை' என்று எழுதுவார். சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுவது. நாமும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். இவர்கள் விடவில்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 14, சனி

நைரேரே நாள், விடுமுறை. நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே 1999-இல் இதே தேதியில் காலமானார். யாரும் அவர் பெயரைத் தனியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. 'ம்வாலிமு', அதாவது வாத்தியார். பள்ளி ஆசிரியராக இருந்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாட்டில் எல்லாரும் சுவாஹிலியில் பேசிக்கொள்ள முடிகிறதென்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. காய்கறி விற்கிற பெண்ணும் வங்கி மேலாளரும் ஒரே மொழியில் பேரம் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாத்தியார் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

சாயங்காலம் கோக்கோ பீச். பொரித்த மரவள்ளிக்கிழங்கு, மேலே மிளகாய்ப்பொடி உப்பு, ஓரத்தில் கீறிய மாங்காய். திருச்செந்தூர்க் கடற்கரையில் தின்ற அதே மாங்காய், அதே மிளகாய்ப்பொடி. கடலும் ஒன்றுதான். ஊரில் போலவே இங்கேயும் சூரியன் கடலிலிருந்துதான் எழும்புகிறது.

அக்டோபர் 21, சனி

தேங்காய் துருவ ஒன்றும் இல்லாமல் மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். கத்தியால் கீறி எடுத்து மிக்சியில் அடிப்பேன். சட்னிக்குச் சரி, பொரியலுக்குத் தூவ ஆகாது. கீழ்வீட்டுப் பாட்டியிடம் கையால் துருவுகிற மாதிரி காட்டிக் கேட்டேன். பாட்டியை எல்லாரும் பீபி என்றுதான் கூப்பிடுகிறோம்; சுவாஹிலியில் அதுதான் பாட்டி. பீபி தலையாட்டி, "நாளைக்கு ம்பூஸி அனுப்புகிறேன்" என்றார். எனக்குத் திக்கென்றது. ம்பூஸி என்றால் ஆடு. வந்த முதல் வாரமே படித்த சொல். நாங்கள் கறி சாப்பிடுவதில்லை, வேண்டாம், சிரமப்படாதீர்கள் என்று தெரிந்த அத்தனை சொல்லையும் கொட்டினேன். பீபி ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார்.

இன்று காலை பேத்தி கொண்டுவந்து வைத்தது ஒரு மடக்கு மணை. முக்காலி உயரம்கூட இல்லை. எக்ஸ் மாதிரி இரண்டு பலகை, நீண்டிருக்கும் முனையில் வட்டமான இரும்பு நாக்கு, அதன் விளிம்பெல்லாம் பல். ஆட்டின் மேல் ஏறி உட்கார்வதுபோல் உட்கார்ந்து துருவுவதால் இதற்கும் ம்பூஸி என்றே பெயராம். நம் ஊர் அரிவாள்மணை நுனியில் இருக்கும் துருவிக்கு ஒன்றுவிட்ட தங்கை.

பீபியே மேலே ஏறி வந்து துருவிக் காட்டினார். மூடியை உள்ளங்கையில் கவிழ்த்துப் பிடித்து, விளிம்பிலிருந்து உள்ளே, ஓட்டைத் தொடாமல். ஓட்டைத் தொட்டால் துருவல் பழுப்பாகிவிடும் என்று அம்மா என் மண்டையில் தட்டுவாள். பீபி என் மணிக்கட்டில் தட்டினார். பிறகு துருவலைப் பிழிந்து முதல் பால் தனி, இரண்டாம் பால் தனி. முதலில் மெல்லிய பாலில் கீரை வேகும். கெட்டிப் பால் கடைசியில், கொதிக்க விடக்கூடாது. சொதிக்கு நாங்கள் செய்வதும் அதுவேதான்.

பேச்சு தேங்காயிலிருந்து நகரவே இல்லை. பிஞ்சு கிடாக்கா, இளநீர் டாஃபு, முற்றியும் முற்றாததும் கொரோமா, முற்றியது நாசி. நான் பதிலுக்குக் குரும்பை, இளநீர், வழுக்கை, நெற்று என்றேன். அரிசிக்கும் அப்படியே: நெல்லுக்கு ம்புங்கா, அரிசிக்கு ம்ச்செலே, சோற்றுக்கு வாலி. ஆங்கிலம் மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறது. இன்று கற்ற சொற்கள் ஒன்றையும் நான் எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் 25, புதன்

தம்பி பீபியைப் பார்த்து "மம்போ!" என்றான். பள்ளியில் சிநேகிதர்களுக்குள் சொல்லிக்கொள்வது. பெரியவர்களிடம் அது ஆகாது. "ஷிகாமோ" என்று சொல்ல வேண்டும். உங்கள் பாதத்தைப் பற்றுகிறேன் என்பது அதன் மூலம் என்கிறார்கள். பெரியவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்வார். எனக்கு முகம் சுண்டிப்போனது. பீபி கோபிக்காமல் அவனை நிறுத்தி மூன்று தரம் சொல்லவைத்தார். இப்போது காலையில் பள்ளிக்கு இறங்கும்போது ஒரு ஷிகாமோ, ஏறும்போது ஒரு ஷிகாமோ.

நவம்பர் 3, வெள்ளி

மழை. கொட்டுகிறது. இங்கே இரண்டு மழைக்காலம்: மார்ச் முதல் மே வரை மசிகா, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வூலி. வூலி வருவது நம் ஐப்பசி, கார்த்திகையில். அம்மா போனில், "ஏட்டி, அங்கயும் மழையா? இங்க ரெண்டு நாளா விடல" என்றாள். ஊருக்கும் இங்கேயும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இரண்டு பக்கமும் போனில் மழைச் சத்தம்.

மழை வலுத்தால் ம்சிம்பாசி ஆறு பெருகி ஜங்வானிப் பக்கம் சாலை முங்கிவிடும். அதற்குள் தம்பியைக் கூட்டிவர பஜாஜியில் போனேன். ஆட்டோவுக்கு இங்கே அதுதான் பெயர். நம் நாட்டு பஜாஜ் வண்டியின் பெயரே வண்டிக்கெல்லாம் நிலைத்துவிட்டது. பள்ளி வாசலில் இறங்குகையில் சேற்றில் வழுக்கி முட்டி தரையில் மோதியது. பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் ஒரே குரலில் "போலே!" என்றார்கள். ஒரு பெண் குடையை என் தலைக்கு மேல் நீட்டினாள், இன்னொருத்தர் பையை எடுத்துத் தந்தார்.

இந்த போலேயை நான் முதலில் மன்னிப்பு என்று நினைத்திருந்தேன். நான் தடுக்கினதற்கு இவர்கள் ஏன் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று குழம்பியதும் உண்டு. அது மன்னிப்பு இல்லை. நம் 'அச்சச்சோ'. காய்ச்சலென்றால் போலே, மூட்டை தூக்கி வந்தால் போலே, வேலை முடித்துக் களைத்து வந்தவருக்கும் போலே. முன்பின் தெரியாதவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வரும்போது பாதி வலி போய்விடுகிறது.

நவம்பர் 11, சனி

நாளை தீபாவளி. தூத்துக்குடியிலிருந்து தூக்கி வந்த கிரைண்டரில் அரிசி பாதி அரைந்திருக்க, வீடே இருண்டது. வெளியே பார்த்தால் எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது. எங்கள் லுக்குவில் யூனிட் தீர்ந்துவிட்டது. லுக்கு என்பது முன்கூட்டியே பணம் கட்டும் மின்சார மீட்டர். போனில் பணம் அனுப்பினால் இருபது இலக்க எண் வரும். அதை மீட்டரில் அழுத்த வேண்டும். கணவரோ வேலையில், என் போனிலோ பணம் இல்லை. பீபியின் பேத்தி தன் போனிலிருந்து வாங்கித் தந்தாள். பீபி டார்ச் பிடிக்க, பேத்தி எண் எண்ணாக வாசிக்க, நான் அழுத்தினேன். நானே (எட்டு), சிட்டா (ஆறு), ஸிஃபுரி, ஸிஃபுரி (பூஜ்யம், பூஜ்யம்), டானோ (ஐந்து)... ஸிஃபுரி என்றதும் தாத்தா சொல்லும் 'சைபர்' காதில் கேட்டது. இரண்டும் ஒரே அரபுச் சொல்லின் வழி வந்தவை. ஒரு எண் தப்பி, முதலிலிருந்து மறுபடி. கடைசி எண்ணை அழுத்தியதும் கிரைண்டர் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. மூவரும் கைதட்டினோம்.

நவம்பர் 12, ஞாயிறு

எண்ணெய்க் குளியல், புதுத்துணி, இட்லி, கொத்சு. மீந்த மாவை என்ன செய்வாய் என்று பீபி கேட்டார். தாளித்துப் பணியாரம் ஊற்றலாம், ஆனால் குழிக்கல் கொண்டுவரவில்லை என்றேன். ஒன்றும் சொல்லாமல் கீழே போனவர் ஒரு இரும்புச் சட்டியோடு வந்தார். ஏழு குழி! விட்டும்புவா சுடுகிற சட்டி. ஊறவைத்த அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அரைத்து, ஏலக்காய், சர்க்கரை போட்டு, ஈஸ்ட்டில் புளிக்கவைத்து ஊற்றுவது.

ஒரு ஈடு என் மாவு, ஒரு ஈடு அவர் மாவு. திருப்பிப் போடக் கம்பியைத் தேடினேன்; பீபி ஒரு சின்னக் கரண்டியின் முனையால் ஓரத்தில் நெம்பிச் சட்டென்று புரட்டிவிட்டார். என் பணியாரத்தின் பச்சைமிளகாய்க்கு "காலி!" என்று கண்ணைச் சுருக்கினார், சுவாஹிலியில் அது காரம். ஆனாலும் நான்கு சாப்பிட்டார். தம்பி விட்டும்புவாவை விட்டு நகரவில்லை.

சட்டியைக் கழுவிக் கொடுக்கப் போனேன். உன்னிடமே இருக்கட்டும், வேண்டும்போது நான் மேலே வருகிறேன் என்றுவிட்டார். கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் ம்பூஸியோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

தேங்காய் தீர்ந்துவிட்டது. நாளைக் காலை மணி இரண்டுக்கு பீபியோடு கிசுட்டு சந்தைக்குப் போக வேண்டும்.