அங்கோர் வாட்: பார்க்க வந்தவனின் பணம் யாருக்குப் போகிறது?

செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கார்க்காரரைப் பற்றிச் சொல்லாமல் ஆறாது.

கம்போடியாவில் அங்கோர் வாட் கோயிலை ஒட்டிய ஊர் சியம் ரீப். அதன் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது. ஊருக்கும் நிலையத்துக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். சீன முதலீட்டில் கட்டியது. 55 ஆண்டுக் குத்தகை. பழைய நிலையம் ஊரை ஒட்டியே இருந்ததால் டுக்டுக் (நம் ஆட்டோ மாதிரி) ஓட்டுபவர்களுக்கும் சவாரி கிடைத்தது. இப்போது அது பெரும்பாலும் காருக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. 35 டாலர் பேசி ஏற்றிய கார்க்காரர், விடுதி வாசலில் 45 கேட்டார். பெட்டிக்குத் தனிக் கூலியாம்! பேசிய 35-ஐ எண்ணிக் கையில் வைத்தேன். விடுதி வரவேற்பாளர் அவருக்காக வாதாடினார். சவாரிக்கு இவ்வளவு என்று விடுதிக்கும் கமிஷன் உண்டு என்பதை மறுநாள் டுக்டுக் ஓட்டியவர் சொன்னபோதுதான் அந்தக் கரிசனம் விளங்கியது.

கோயில் டிக்கெட் ஒரு நாளுக்கு 37 டாலர். நம் பணத்தில் மூவாயிரத்துக்கு மேல். 2017 வரை 20 தான். இதில் 2 டாலர் கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. அங்கே சிகிச்சை இலவசம். அந்த இரண்டு டாலரை மனமாரக் கொடுத்தேன்.

மற்றப் பணம் யாருக்குப் போகிறது என்பதுதான் உறுத்துகிறது. 2019-இல் கம்போடியாவுக்கு 66 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். அப்படியும் அங்கோரைத் தாங்கி நிற்கும் சியம் ரீப் மாகாணம் ஏழை மாகாணங்களின் வரிசையிலேயே நெடுங்காலம் இருந்தது. விடுதித் தட்டில் வரும் காய்கறியில் கணிசமான பங்கு வியட்நாமிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வருகிறது. போதாக்குறைக்கு, பாரம்பரியச் சின்னத்தைக் காக்கிறோம் என்று கோயில் வளாகத்தில் குடியிருந்த சுமார் 10,000 குடும்பங்களை 2022 முதல் தொலைவிலுள்ள ருன் தா ஏக் என்ற புதுக் குடியிருப்புக்குப் பெயர்த்திருக்கிறார்கள். விரும்பித்தான் போனார்கள் என்கிறது அரசு. கோயில் வாசலில் நூடுல்ஸ் விற்றுப் பிழைத்தவர் அத்தனை தொலைவு விரும்பியா போவார்? நான் நம்பவில்லை.

டுக்டுக் ஓட்டியவர் கொரோனாக் காலத்தில் வண்டியை விற்றுவிட்டு அண்ணன் வயலில் நாற்று நட்டாராம். இப்போது ஓட்டுவது கடனில் வாங்கிய வண்டி. சுற்றுலாவை மட்டும் நம்பிய ஊருக்கு வேறு கதி இல்லை.

அவர்தான் பந்தேய் ஸ்ரெய் என்ற இன்னொரு பழைய கோயிலுக்குப் போகும் வழியில் ப்ரெஹ் டாக் கிராமத்தில் நிறுத்தினார். ஆகா! நும் பான் சொக் என்று, நம் இடியாப்பத்தைக் கொஞ்சம் தளர்த்தி விட்டாற்போல் அரிசிச் சேவை. எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் அரைத்துவிட்ட மீன் குழம்பை மேலே ஊற்றி, நறுக்கிய வாழைப்பூவையும் வெள்ளரியையும் பச்சையாகத் தூவித் தந்தார் கடைக்கார அம்மாள். 6,000 ரியெல், அதாவது ஒன்றரை டாலர். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். எதிர்ச் சாரியில் இரும்புக் கடாயில் பதநீர் காய்ந்துகொண்டிருந்தது. கருப்பட்டியை வட்டம் வட்டமாக ஊற்றி ஓலையில் சுற்றித் தருகிறார்கள். மரம் ஏறுபவர் கணவர், காய்ச்சுபவர் மனைவி. இடையில் கமிஷன்காரர் இல்லை. ஆறு கட்டு வாங்கினேன், பேரம் பேசவில்லை.

போகிறவர்களுக்கு: விமான நிலையத்திலிருந்து பஸ் உண்டு, காரை விடக் கட்டணம் மிகக் குறைவு. கிழிந்த டாலர் நோட்டை யாரும் தொடமாட்டார்கள். தபால் அட்டை விற்கும் பிள்ளைகளிடம் வாங்காதீர்கள். விற்பனை நன்றாக நடந்தால் பெற்றோர் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள். மறுநாளுக்கான டிக்கெட்டை மாலை 5 மணிக்குப் பிறகு வாங்கினால் அன்றைய அஸ்தமனத்தையும் அதிலேயே பார்க்கலாம்.