எங்கள் பொட்காஸ்ட் யூடியூப்புக்குப் போன கதை

"அந்த ஆப் ஒண்டும் எனக்குத் தெரியாது தம்பி. யூடியூப்பில போட்டால் சொல்லுங்கோ, கேக்கிறன்." திருகோணமலையில் யாரிடம் எங்கள் பொட்காஸ்டைப் பற்றிச் சொன்னாலும் வந்த பதில் இதுதான்.

நானும் நண்பனும் ஊர்க்கதை சேகரிக்கிறவர்கள். கரைவலைச் சம்மாட்டி (கரையிலிருந்து இழுக்கும் வலையின் சொந்தக்காரர்), துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், தம்பலகாமத்து வயல்காரர், சுனாமி வந்த அன்று உப்புவெளியில் கடை திறந்து வைத்திருந்தவர் என்று ஆட்களைப் பிடித்துக் கதைக்க வைத்து வெளியிடுவோம். குரல் மட்டும்தான். கேட்டவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள். ஊருக்குள் கேட்ட கொஞ்சப் பேரும் கூகுள் பொட்காஸ்ட்ஸ் என்ற ஆப் வைத்திருந்தவர்கள். 2024இல் கூகுள் அதை மூடிவிட்டு யூடியூப் மியூசிக் பக்கம் போகச் சொன்னதும் அவர்களும் சிதறிப்போனார்கள். சரி, சனம் இருக்கிற இடத்துக்கு நாங்களே போவோம் என்று முடிவெடுத்தோம்.

யூடியூப்பில் பொட்காஸ்ட் என்பது உண்மையில் ஒரு பிளேலிஸ்ட்தான். யூடியூப் ஸ்டூடியோவில் புதிய பொட்காஸ்ட் என்று தொடங்கலாம், அல்லது இருக்கிற பிளேலிஸ்ட் ஒன்றைப் பொட்காஸ்ட் என்று குறித்துவிடலாம். சதுரப் படம் ஒன்று கேட்கும், 1280க்கு 1280 பிக்சல் இருந்தால் நல்லது. முழு எபிசோட்களை மட்டும் அதற்குள் வையுங்கள், துண்டு வீடியோக்களைக் கலக்க வேண்டாம். புதுச் சனல் என்றால் முதல் வேலையாகப் போன் நம்பரை உறுதிப்படுத்துங்கள். இல்லாவிட்டால் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது. எங்கள் ஆட்களில் 15 நிமிடத்தில் கதையை முடிக்கிறவர் யாரும் இல்லை.

பழைய எபிசோட்களை ஏற்ற இரண்டு வழி உண்டு. ஆர்எஸ்எஸ் முகவரியை (பொட்காஸ்டின் எபிசோட் பட்டியல் இருக்கிற இணைய முகவரி) கொடுத்தால் யூடியூப்பே ஒலிக்கோப்புகளை எடுத்து, பொட்காஸ்டின் அட்டைப்படத்தை அசையாமல் நிறுத்தி வீடியோவாக்கிக்கொள்ளும். வேலை மிச்சம். ஆனால் பிறகு ஒலியில் எதையாவது வெட்டினால் அந்த மாற்றம் தானாக அங்கே போய்ச் சேராது. எங்களுக்கு எபிசோடுக்கு ஒரு படம் வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதனால் கையாலேயே செய்தோம். ஒரு படம், ஒரு ஒலிக்கோப்பு, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் ஒரு வரிக் கட்டளை. லப்டொப்பை ஓடவிட்டுப் படுத்தால் விடியும்போது வரிசையாக வீடியோக்கள் இருக்கும். ஒலி அளவையும் அப்போதே திருத்திக்கொண்டோம். யூடியூப் கூடிய சத்தத்தை -14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைக்குமே தவிர, குறைந்த சத்தத்தைக் கூட்டிவிடாது. நாங்கள் -16இல் வைத்திருந்தோம், மற்ற வீடியோக்களுக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் முணுமுணுப்பதுபோல் கேட்டது.

நேரம் தின்றது இதெல்லாம் இல்லை, ஆட்களிடம் திரும்பப் போய்க் கேட்டதுதான். பொட்காஸ்டுக்கு என்று குரல் தந்தவர், பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்கிற யூடியூப்புக்கும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கனடாவில் யாரோ காதில் மாட்டிக் கேட்பது வேறு, சந்தையில் மீன் வாங்கும்போது "உங்கட வீடியோ பாத்தன்" என்று ஒருத்தர் சொல்வது வேறு. அநேகம் பேர் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். ஒரு அம்மா காணித் தகராறு பற்றிச் சொன்ன பகுதியை எடுக்கச் சொன்னார், எடுத்தோம். இன்னொருவர் பெயரை மட்டும் போடவேண்டாம் என்றார். ஒருவர் முழுதாகவே வேண்டாம் என்றார். எங்களுக்குப் பிடித்த எபிசோட் அது, ஆனாலும் ஒலியாகவே இருக்கிறது. இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிறகு கமரா. புது எபிசோட்களைப் படமாகவே எடுப்போம் என்று இரண்டு போனும் ஒரு ஸ்டாண்டும் எடுத்துக்கொண்டு சல்லி என்ற கரையோர ஊருக்குப் போனோம். முன்பு தடையில்லாமல் கதைத்த அதே சம்மாட்டி ஐயா, கமராவைக் கண்டதும் மேடைத் தமிழுக்குப் போய்விட்டார். "எமது கடற்றொழிலாளர் சமூகமானது" என்று தொடங்கினார். நடுவில் நிறுத்தி, "தம்பி, நான் இதைப் பாக்கிறதா, உங்களைப் பாக்கிறதா?" என்றார். நண்பன் ஒரு வேலை செய்தான். ஐயா கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையை எடுத்து அவர் மடியிலேயே திரும்ப வைத்தான். கை ஊசியைப் பிடித்ததும் வாய் தன்பாட்டில் கதைக்கத் தொடங்கியது. ஊசி கண்ணிக்குள் போய் வருகிற வேகத்துக்குத்தான் கதையும் வந்தது, முடிச்சு இறுக்கும்போது வசனம் நிற்கும். அன்றிலிருந்து யாரையும் கதிரையில் சும்மா இருத்தி வைப்பதில்லை. போனைப் பக்கவாட்டில், ஆளின் கண்ணுக்குப் படாத உயரத்தில் வைத்துவிட்டு, தேத்தண்ணி வரும் முன்பே ஓடவிட்டுவிடுவோம்.

வெளியில் எடுப்பதென்றால் கச்சான் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் அது மைக்குக்குள் புகுந்து இரைந்தால், எடிட்டிங்கில் என்ன செய்தாலும் போகாது. மைக்குக்கு மயிர்த்தொப்பி மாட்டி, சுவருக்கு ஒதுக்கமாக ஆளை இருத்துவதுதான் வழி. உள்ளே எடுத்தால் ஃபானை நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில் ஃபானை நிறுத்திவிட்டு ஒரு பெரியவரை ஒரு மணி நேரம் கதைக்கச் சொல்வது பாவம், அதனால் பாதியில் ஒரு தரம் ஓய்வு விடுவோம்.

உதடும் குரலும் பிரிந்து போவதைப் பற்றி ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, ஆகவே விரிவாக எழுதுகிறேன். குரலைத் தனி ரெக்கோடரில் எடுக்கிறோம், படம் போனில். தொடக்கத்தில் கைதட்டி இரண்டையும் பொருத்தினால் அச்சொட்டாக இருக்கும். முக்கால் மணி தாண்டினதும் வாய் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். காரணம் இரண்டு. போன்கள் பெரும்பாலும் ஒரு நொடிக்கு இத்தனை பிரேம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப எண்ணிக்கை கூடிக் குறையும். ரெக்கோடரின் மணிக்கூடும் போனின் மணிக்கூடும் ஒன்றாக ஓடுவதும் இல்லை. எடிட் செய்யும் முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு மாறாத பிரேம் வீதத்துக்கு மாற்றினால் முதல் சிக்கல் தீரும். இரண்டாவதுக்கு, முடிவிலும் ஒரு தரம் கைதட்டச் சொல்லுங்கள், இரண்டு தட்டுக்கும் இடையில் ஒலியை மிகச் சிறிதாக இழுத்தோ சுருக்கியோ பொருத்தலாம். சரிபார்க்க 'ப', 'ம' வருகிற சொற்களைத் தேடுங்கள். "அப்பா", "அம்மா" என்னும்போது உதடு மூடுகிற பிரேமில் ஒலியும் மூடினால் சரி.

ஒரு மணி நேர 1080பி வீடியோ பல ஜிபி வரும். நள்ளிரவு டேட்டாவில்தான் ஏற்றுகிறோம். உடனே வெளியிடாமல் பிரைவேட்டாக வைத்து, உயர்தரப் படம் தயாரானதும் மறுநாள் திறக்கிறோம். தொடக்க இசைக்குக் காப்புரிமைக் கோரிக்கை ஒன்று வந்தது. உரிமப் பத்திரம் கையில் இருந்ததால் மறுப்புப் போட்டோம், விட்டுவிட்டார்கள். மறுப்புக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது, அதனால் இசை வாங்கிய ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

காசு வருமா என்று கேட்பவர்களுக்கு: விளம்பர வருமானத்துக்கு 1000 சந்தாதாரரும், 12 மாதத்துக்குள் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷோர்ட்ஸ் எனும் குறு வீடியோக்களின் வரிசையில் பார்த்த நேரம் அந்த 4000இல் சேராது. நாங்கள் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

இவ்வளவும் செய்துவிட்டு ஊரில் விசாரித்தால், யாரும் படம் பார்ப்பதே இல்லை! உவர்மலையில் ஒரு அக்கா போனை அலுமாரித் தட்டில் சாத்திவைத்துவிட்டுப் புட்டு அவிக்கிறார். "இடைக்கிட எட்டிப் பாப்பன், ஆர் கதைக்கினம் எண்டு" என்றார். காசு கட்டாத யூடியூப் ஆப்பில் திரையை அணைத்தால் சத்தமும் நின்றுவிடும், அதனால் அவர் போன் சமையல் முடியும்வரை எரிந்துகொண்டே கிடக்கிறது. யூடியூப்பை எங்கள் சனம் வானொலியாகத்தான் வைத்திருக்கிறது. இது தெரிந்த பிறகு எங்கள் உழைப்பின் போக்கு மாறியது. நீண்ட தொடக்க இசையை வெட்டி, முதல் வசனத்திலேயே கதையைத் தொடங்கினோம். பார்வையாளர் எந்த இடத்தில் விலகுகிறார்கள் என்று யூடியூப் காட்டும் கோட்டில் முதல் அரை நிமிடத்துச் சரிவு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. விவரக்குறிப்பில் 00:00 தொடங்கி நேரங்களை எழுதி அத்தியாயம் பிரிக்கிறோம். குறைந்தது மூன்று நேரக்குறி வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையக் கூடாது. தலைப்பில் ஆளின் பெயருக்குப் பதில் ஊரையும் விஷயத்தையும் எழுதுகிறோம். தேடுகிறவர்கள் அப்படித்தான் தேடுகிறார்கள்.

கமராவை இப்போது எல்லாவற்றுக்கும் தூக்குவதில்லை. வலை பொத்துவது, ஓலை பின்னுவது மாதிரிக் கண்ணுக்கு வேலை இருந்தால் மட்டும் படம். மற்றதெல்லாம் ஒலியும் ஒரு நல்ல புகைப்படமும்.

அடுத்தது கிண்ணியாப் 'பாதை'யில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் தண்ணீரைக் கடக்க வைத்த மிதவையில், வேலை செய்த ஒருவரின் கதை. 2009இல் பாலம் திறக்கும்வரை அந்தப் பாதையில்தான் பஸ்ஸும் சனமும் கடந்தது. குரல் பதிவு முடிந்துவிட்டது, போடப் படம்தான் இல்லை. பாலத்தின் படம் வேண்டிய அளவு கிடைக்கிறது, பாதையின் படம் கிடைக்கவில்லை. பழைய கலியாண அல்பத்தில், மாப்பிள்ளை வீட்டார் பாதையில் வந்து இறங்கும் படமாவது யார் வீட்டிலாவது இருந்தால் தந்து உதவுங்கள். ஸ்கேன் செய்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம்.