பிளைவுட் வளையங்களில் டிராக்ட்ரிக்ஸ் ஹார்ன்: புதுச்சேரியில் செய்து பார்த்தது

ஸ்பீக்கர் டிரைவரின் ஒலியை முன்னே அனுப்பும் புனல்தான் ஹார்ன். அதற்கு முதலில் முடிவு செய்ய வேண்டியது கட்-ஆஃப் அலைவெண், அதாவது ஹார்ன் வேலை செய்யும் கீழ் எல்லை. வாயின் அகலமும் நீளமும் அதிலிருந்துதான் வரும். இங்கே எடுத்துக்கொண்டது 500 ஹெர்ட்ஸ். ஹார்னின் பின்னால் பொருத்தும் 1 அங்குல கம்ப்ரஷன் டிரைவர்கள் பலவற்றை 1,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கினால் டயாஃப்ரம் (உள்ளே அதிரும் சவ்வு) தாங்காது. அதனால் கீழ் ஒலிக்கான வூஃபரும் ஹார்னும் கைமாறும் கிராஸ்ஓவர் புள்ளி 1,300 ஹெர்ட்ஸ்.

டிராக்ட்ரிக்ஸ் என்பது ஹார்ன் விரியும் வளைவின் பெயர். அதில் வாயின் சுற்றளவு கட்-ஆஃப் அலைநீளத்துக்குச் சமம். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். கணக்கு போட்டால் வாயின் விட்டம் 22.2 செ.மீ., நீளம் 20.7 செ.மீ. டிரைவர் பொருந்தும் குறுகிய முனையான தொண்டை 25.4 மி.மீ.யில் தொடங்குகிறது. அங்கிருந்து 5 செ.மீ. தள்ளி விட்டம் 4 செ.மீ., 9.4ல் 6, 14.7ல் 10, 18.9ல் 16. மிச்சமிருக்கும் 18 மி.மீ.க்குள் 16லிருந்து 22க்கு விரிந்துவிடும். பொறுமை தேவைப்படுவது அந்தக் கடைசி வளையத்தில்தான்.

பண்ருட்டிப் பலா பக்கத்திலேயே கிடைக்கும்போது பிளைவுட் எதற்கு என்று தோன்றலாம். முழு மரம் ஈரத்தில் ரேகைக்குக் குறுக்கே மட்டும் உப்பும். ஐப்பசி மழைக்கு வட்டம் நீள்வட்டமாகிவிடும். எம்.டி.எஃப். (மர நார்ப் பலகை) கடல் காற்றில் ஓரம் ஊதிப்போகும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்தான் சரி. 18 மி.மீ.யில் 11 வளையம், தொண்டைப் பக்கம் 9 மி.மீ.யில் ஒன்று, கூட்டினால் 207 மி.மீ. கடையில் 18 என்று தருவது 17.5 கூட இருக்கும். வெர்னியரால் அளந்து, அதற்கேற்ப விட்டங்களைத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

ஒவ்வொரு வளையத்தின் உள்துளையையும் அதன் குறுகிய பக்க அளவுக்கே வெட்ட வேண்டும். அகலப் பக்க அளவுக்கு வெட்டினால் செதுக்க மரம் மிஞ்சாது, புட்டிதான் போட வேண்டும். புட்டி பின்னால் விரிசல் விடும். தொண்டைப் பக்க இரண்டு வளையங்களின் வெளிவிட்டம் 11 செ.மீ.க்குக் குறையக் கூடாது. டிரைவரின் 6 மி.மீ. போல்ட்கள் பெரும்பாலும் 76 மி.மீ. இடைவெளியில் வரும், அவற்றுக்குப் பிடிமானம் வேண்டும். தண்ணீர் தாங்கும் பசை தடவி, எல்லா வளையங்களின் மையமும் ஒரே கோட்டில் வரும்படி அடுக்கி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடவும்.

காய்ந்ததும் உள்ளே படிக்கட்டு மாதிரி இருக்கும். ஹார்டுபோர்டில் வளைவை வெட்டி அச்சாக வைத்துக்கொண்டு, அரை வட்ட அரத்தால் படிகளின் முனையை மட்டும் எடுக்கவும். பசைக் கோடுதான் வழிகாட்டி: கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். பிறகு 60, 120, 220 உப்புத்தாள். கடைசல் பட்டறையில் கொடுத்தாலும் அச்சைக் கையோடு கொடுத்தனுப்புங்கள்.

தொண்டை இணைப்பில் அரை மி.மீ. படிகூட இருக்கக் கூடாது. டிரைவர் வாயும் மரத்துளையும் சந்திக்கும் இடத்தை விரல் நகத்தால் சுற்றித் தடவினால், நகம் எங்கும் சிக்கக் கூடாது. கேஸ்கெட் உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் மேல் அலைவெண்களில் பள்ளங்கள் விழும். விலை உயர்ந்த டிரைவருக்கு மாறுவதற்கு முன் இந்த இணைப்பைப் பாருங்கள். பல வீடுகளில் "ஹார்ன் சத்தம் கத்துது" என்பதன் காரணம் இங்கேதான் இருக்கும்.

அடுத்த மேம்பாடு நேர ஒழுங்கு. ஹார்ன் வாயை 12 அங்குல வூஃபர் பலகையோடு சமமாக வைத்தால், டயாஃப்ரம் வூஃபர் காயிலைவிட ஏறக்குறைய 15 செ.மீ. பின்னால் போய்விடும். 1,300 ஹெர்ட்ஸின் அலைநீளம் 27 செ.மீ.தான். பாதிக்கு மேல் பிந்துகிறது, குரல்கள் மெலிந்து கேட்கும். ஹார்னைப் பெட்டிக்குள் பதிக்காமல் மேலே வைத்து, முன்னே நகர்த்த வேண்டும். 12 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி (ஆக்டேவுக்கு 12 டெசிபல் குறைக்கும் வகை) கிராஸ்ஓவரில் ஹார்னின் + - முனைகளை மாற்றி இணைப்பதே முறையான இணைப்பு. சோதிக்கும்போது மட்டும் மாற்றாமல் நேராக இணைத்து, ஒலியை அளக்கும் ஆர்.ஈ.டபிள்யூ. மென்பொருளில் பார்த்தபடி ஒரு செ.மீ. ஒரு செ.மீ.யாக நகர்த்தவும். 1,300ல் பள்ளம் மிக ஆழமாக விழும் இடமே சரியான இடம். அங்கே குறி போட்டு, முனைகளை மாற்றிப் பூட்டவும்.

கிராஸ்ஓவருக்கு 2 மில்லிஹென்றி காயில் இரண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் 6.8உம் 1உம் மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் இணையாக. ஹார்ன் பக்கம் பாலிப்ரொப்பிலீன் வகை. ஒரே சக்தியில் ஹார்ன் 105 டெசிபல், வூஃபர் 95 ஒலிக்கும் என்றால் 10 டெசிபல் குறைக்க வேண்டும்: தொடரில் 5.6 ஓம், டிரைவருக்கு இணையாக 3.9 ஓம், இரண்டும் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர். டிரைவரின் மின்தடை எப்படி ஏறினாலும் கிராஸ்ஓவர் காண்பது 9.5 ஓமைத் தாண்டாது என்பது கூடுதல் லாபம். ஹார்னைத் தனி ஆம்ப்ளிஃபையரில் ஓட்டுபவர்கள் 33 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைத் தொடரில் போடாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. ஆன் செய்யும்போது வரும் ஒரு 'டப்' போதும், டயாஃப்ரம் போய்விடும்.

பாலியூரித்தேன் வார்னிஷ் உள்ளும் புறமும் மூன்று பூச்சு. திருகுகள் எஸ்.எஸ். 304. உப்புக் காற்றில் டெர்மினல் பச்சை பூக்கும், அதனால் செருகும் கிளிப்புக்குப் பதிலாக ஈயம் பற்றவைப்பதே மேல். அடுத்து வூஃபர் பெட்டிக்குள் குறுக்குச் சட்டம் போடும் வேலை பாக்கி.