குளோசபினும் ஒரு 40 பக்க நோட்டும்

என் மகனுக்கு இப்போது 31 வயது. மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) என்று மருத்துவர் சொல்லிப் பத்து வருடம் ஆகிறது. அவனுக்குக் குளோசபின் மாத்திரை தொடங்கிய 18 வாரங்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்தப் பெயரைக் கேட்டதும் பயந்து ஒதுங்குகிற குடும்பங்களைப் பார்க்கிறேன். நாங்களும் இரண்டு வருடம் ஒதுங்கி, அந்த இரண்டு வருடத்தையும் அவனுக்கு இல்லாமல் செய்தவர்கள்தான்.

2015இல், பொறியியல் கடைசி வருடத்தில் அவனுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. எதிர்வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஜன்னல் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டினான். கோயில், தர்கா, மந்திரிப்பு எல்லாம் சுற்றினோம். ஓர் இடத்தில், கட்டிப்போட்டு வைத்தால் ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பையனின் கணுக்காலைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் மருந்து. முதலில் ரிஸ்பெரிடோன், பிறகு ஒலன்சாபின். எடை 20 கிலோ கூடியது, குரல்கள் போகவில்லை. துவைக்கப் போட்ட சட்டைப் பையில் மாத்திரை மாவாகக் கரைந்து ஒட்டியிருந்ததை அவன் அம்மா ஒருநாள் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து நான் போலீஸ்காரன் ஆகிவிட்டேன். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஒரு ராத்திரி வாயைத் திறக்க மாட்டேன் என்றான். கன்னத்தில் அறைந்துவிட்டேன். 27 வயதுப் பையனை. அவன் திருப்பி அடிக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

மாத்திரையை ஒளிக்கிறான் என்பதால் கொஞ்ச காலம் ஊசியாகவும் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் பெரிய மாற்றம் இல்லை. 2023இல் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மருத்துவர் மறுபடியும் குளோசபின் பேச்சை எடுத்தார். இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், போதிய காலம் கொடுத்தும் கேட்காதவர்களுக்கு இதுதான் அடுத்தது என்றார். நான் பயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. 1975இல் பின்லாந்தில் இந்த மருந்து சாப்பிட்ட சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் திடீரென்று குறைந்து உயிரே போனது, அதனால் பல நாடுகளில் நிறுத்திவிட்டார்கள், பிறகு ரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கித்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று விவரமாகச் சொன்னார். முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும், பிறகு மாதம் ஒருமுறை. வெள்ளை அணுக்கள் 3000க்குக் கீழோ, அதில் நியூட்ரோஃபில் என்கிற வகை 1500க்குக் கீழோ போனால் மருந்தை நிறுத்திவிட வேண்டும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் வாரக் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே ரத்தம் கொடுக்க வேண்டும். இவ்வளவையும் அவர் என்னிடம் சொல்லவில்லை, என் மகனைப் பார்த்துச் சொன்னார். கடைசியில் "உங்களுக்குச் சம்மதமா?" என்று அவனிடம்தான் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "குரல் குறையுமா?" என்றான். "குறையலாம், சில மாதம் பிடிக்கும்" என்றார். சரி என்றான்.

12.5 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றினார்கள். வியாழக்கிழமை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருமுனை லேப்பில் ரத்தம் கொடுப்பது, வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டோடு புதுச்சேரிக்குப் பஸ் ஏறுவது என்று எங்கள் வாரம் ஆனது.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, ரெட்டிச்சாவடி தாண்டியதும் என் காதருகே வந்து, "முன் சீட்டு ஆள் என்னைப் பத்தி போன்ல சொல்றார்ப்பா" என்றான். பழைய நானாக இருந்தால், யாரும் சொல்லவில்லை, பேசாமல் உட்கார் என்றிருப்பேன். மனநலப் பிரிவில் ஒரு அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்: இல்லை என்று வாதாடாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். "பயமா இருக்கா தம்பி? இறங்கிடலாமா?" என்றேன். தலையாட்டினான். கன்னியக்கோயிலில் இறங்கி டீ குடித்தோம். இருபது நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பஸ் வந்ததும் அவனே எழுந்து, "போலாம்ப்பா" என்றான்.

நான்காவது வாரம், பஸ்ஸில் நான் ரிப்போர்ட்டைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்து வாங்கினான். "இதுல எதுப்பா நம்ம நம்பர்?" இரண்டு வரிகளைக் காட்டினேன். அன்று திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினான். தேதி, மருந்தின் அளவு, வெள்ளை அணு, நியூட்ரோஃபில் என்று கோடு போட்டு நான்கு கட்டம். மருத்துவர் சொன்னவற்றைப் பின் அட்டையில் எழுதிக்கொண்டான். எட்டு வருடத்துக்குப் பிறகு அவன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதைப் பார்த்தோம். அவன் அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள்.

மருந்து சும்மா இருக்கவில்லை. காலை பத்து மணி வரை எழுப்ப முடியாது. தூக்கத்தில் எச்சில் வழிந்து தலையணை ஊறிவிடும். அவன் கூச்சப்படுவான் என்று, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் தைத்து, மடித்த துண்டுகளைக் கட்டில் தலைமாட்டில் அவன் அம்மா அடுக்கி வைத்தாள். காலையில் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு போய் ஊறப்போட்டுவிடுவாள். மலச்சிக்கலைத்தான் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. இந்த மருந்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். வெட்கப்படாமல் நீங்களும் கேளுங்கள். இன்னொன்று, சிகரெட். அவன் புகைப்பவன். புகைப்பதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் குளோசபின் அளவு ஏறிவிடும், விடுவதென்றால் முதலில் எங்களிடம் சொல்லிவிட்டு விடுங்கள் என்றார்கள்.

பதினோராவது வாரம் என் தங்கை மகள் கல்யாணம், பண்ருட்டியில். சனிக்கிழமை காலை கிளம்பினோம். மாத்திரையை அவன் அம்மா எடுத்திருப்பாள் என்று நானும், நான் எடுத்திருப்பேன் என்று அவளும் நினைத்துக்கொண்டோம். "பையன் என்ன பண்றான்?" என்று கேட்ட சொந்தங்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதிலேயே என் கவனம் முழுக்க இருந்தது. அவன் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவ்வளவு கூட்டத்தில் அவன் குரல்களோடு போராடிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்தால் டப்பா ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது. கடைசியாகப் போட்டது வெள்ளிக்கிழமை ராத்திரி.

பதறிப்போய் வழக்கமான 200 மில்லிகிராமை எடுத்துத் தண்ணீரோடு நீட்டினேன். அவன் வாங்கவில்லை. பழைய கோபம் எனக்குத் தலைக்கு ஏறியது. அவன் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, பின் அட்டையைத் திருப்பிக் காட்டினான். "48 மணி நேரத்துக்கு மேல விட்டுப்போனா பழைய அளவு போடக் கூடாதுப்பா. டாக்டரைக் கேட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." அவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மறந்துவிட்டது. திடீரென்று முழு அளவைப் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், வலிப்பு வரலாம் என்று மறுநாள் மருத்துவர் சொல்லக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

மறுபடியும் 12.5. முன்பைவிடக் கொஞ்சம் வேகமாக ஏற்றினார்கள். ஆனாலும் அந்த வாரங்கள் கஷ்டம்தான். ஒரு ராத்திரி கதவைத் தாழிட்டுக்கொண்டு கத்தினான். 14416க்கு, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எந்த நேரத்திலும் தமிழில் பேசுகிறார்கள், கட்டணம் இல்லை. அந்தப் பக்கம் இருந்தவர் நாற்பது நிமிடம் என்னை நிதானப்படுத்தினார். கதவை உடைக்கவில்லை. விடிந்ததும் அவனே திறந்தான்.

பதினெட்டாவது வாரம் வெள்ளை அணு 6400. குரல்கள் இன்னும் இருக்கின்றன, தூரத்து வீட்டு ரேடியோ மாதிரி என்கிறான். பதினொரு மணிக்கு என் எலக்ட்ரிகல் கடைக்கு வந்து மதியம் வரை சரக்கு எண்ணிக் கொடுக்கிறான். சில நாள் வருவதில்லை, ஏன் என்று நான் கேட்பதில்லை. டார்ச் இப்போது கரண்ட் போனால் எடுப்பதற்கு மட்டும்.

போன வியாழக்கிழமை மாதாந்திர ரத்தப் பரிசோதனை. லேப்புக்கு அவனே போய் வந்தான். சாயங்காலம் நோட்டில் எழுதும்போது எட்டிப் பார்த்தேன். இது மூன்றாவது நோட்டு. கையால் மறைத்துக்கொண்டு, "நல்லாத்தான்ப்பா இருக்கு, சொல்றேன் இருங்க" என்றான். இருந்தேன்.