காங் யாட்சேயில் திரும்பிய இடம்

என் அப்பா மலையைக் கடலிலிருந்து பார்த்துப் பழகியவர். முட்டத்திலிருந்து வள்ளம் இறக்கிப் போகும்போது, வேளிமலையின் எந்த முகடு எந்தக் கோவில் கோபுரத்துக்கு நேராக வருகிறது என்பதை வைத்தே, கடலடியில் எந்தப் பாருக்கு, அதாவது எந்தப் பாறைத்திட்டுக்கு, மேல் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார். தொலைவு கூடக் கூட மலைகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் தாழும். கடைசி முகடும் மறைந்த பிறகு காற்றும் நீரோட்டமும் நட்சத்திரமும்தான் துணை. அப்படிப்பட்டவரிடம், லடாக்கில் சுமார் 6,250 மீட்டர் உயரமுள்ள காங் யாட்சே இரண்டாம் சிகரத்தில் ஏறும் குழுவில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது, அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கூட்டிட்டுப் போறவரு அந்த ஊருக்காரரா, மக்களே?"

எனக்கு விடை தெரியவில்லை. அதுவரை நான் கட்டணத்தையும் விடுப்பு நாட்களையும் மட்டுமே கணக்குப் பார்த்திருந்தேன். முன்பணம் கட்டவிருந்த நிறுவனம், லே நகரில் ஒரே நாள் தங்கிவிட்டு ஆறாம் நாள் சிகரம் என்று அட்டவணை அனுப்பியிருந்தது. பள்ளியில் அதிக விடுப்பு கிடைக்காத எனக்கு அது வசதியாகவும் தோன்றியது. அப்பாவின் கேள்விக்குப் பிறகுதான் அந்த அட்டவணையை உயரத்தோடு ஒப்பிட்டுப் படித்தேன். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். லே விமான நிலையம் அதைவிட 500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அதாவது, கடலோரத்தில் பிறந்து வளர்ந்த ஓர் உடம்பு விமானத்தை விட்டு இறங்கும் அந்த நொடியிலேயே, தன் ஊர்ப்பக்கத்து மலைகள் எதுவும் எட்டாத உயரத்தில் நிற்கிறது. 3,000 மீட்டருக்கு மேல், ஓர் இரவு உறங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு உறங்கும் இடத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பதும் மலை மருத்துவத்தின் பொது விதி. ஆறு நாள் அட்டவணையில் அந்த விதிக்கு இடமே இல்லை.

அந்த நிறுவனத்தை விட்டுவிட்டு, லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கிலேயே பிறந்த வழிகாட்டி ஒருவர் நடத்தும் குழுவைத் தேடிச் சேர்ந்தேன். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, ஆக்சிஜன் உருளை முகாமில் இருக்குமா, சிகரத்தை எட்டினாலும் எட்டாவிட்டாலும் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். கடைசிக் கேள்விக்குத்தான் அவர் முதலில் பதில் அனுப்பினார்: காலை எட்டு மணி.

பயிற்சிக்காக ஆறு மாதம், ஞாயிறுதோறும் பன்னிரண்டு கிலோ மூட்டையுடன் மருந்துவாழ் மலையில் ஏறி இறங்கினேன். அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று எங்கள் ஊர்ப்பக்கம் சொல்லும் அந்த மலை என் கால்களை நன்றாகவே உறுதியாக்கியது. ஆனால் உயரத்துக்கான பயிற்சியைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கும் செய்ய முடியாது என்பதை லேயின் முதல் இரவிலேயே உணர்ந்தேன். உயரம் கூடினாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு மாறுவதில்லை. முட்டம் கடற்கரையிலும் சிகரத்திலும் அதே 21 சதவீதம்தான். அழுத்தம்தான் குறைகிறது, 5,500 மீட்டரில் அது கடல்மட்ட அளவில் பாதி. அதை ஈடுகட்ட நாம் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது; அதனால் உறக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, பிறகு ஆழமாக இழுத்துக்கொண்டு திரும்புகிறது. மூச்சு நின்றுவிட்ட திகிலோடு நான் மூன்று முறை எழுந்து உட்கார்ந்தேன். சிறுநீரகம் இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்வதற்குச் சில நாட்கள் பிடிக்கும் என்றும், அதுவரை பொறுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றும் வழிகாட்டி பொறுமையாக விளக்கினார்.

ஸ்கியூ, மார்க்கா, ஹாங்கர் என்று கிராமம் கிராமமாக நடந்து, நிமாலிங் மேய்ச்சல் வெளியைத் தொட்டு, 5,100 மீட்டரை ஒட்டிய அடிவார முகாமை அடைந்தோம். அங்கே ஒரு நாள் முழுவதும் பனியில் பயிற்சி. காலணிக்கு அடியில் கிராம்பான் எனும் இரும்பு முட்களைக் கட்டி நடப்பது, பனிக்கோடரியை ஊன்றிச் சறுக்கலை நிறுத்துவது, தடித்த கையுறையோடு காராபினர் கொக்கியைக் கயிற்றில் மாட்டிக் கழற்றுவது. இந்தக் கடைசி வேலையை அவர் எங்களை நூறு முறையாவது செய்ய வைத்திருப்பார். அதன் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரவு பதினொன்றரைக்குப் புறப்பட்டோம். எட்டுப் பேர், மூன்று வழிகாட்டிகள், எங்களைப் பிரித்துச் சேர்த்துக் கட்டிய மூன்று கயிறுகள். கடைசிக் கயிற்றில் தலைமை வழிகாட்டியும், கோயம்புத்தூரைச் சேர்ந்த ஓர் இளைஞரும், நானும். நெற்றிவிளக்கின் வட்டத்துக்குள் தெரிந்த பனியையும் முன்னால் போகிறவரின் குதிகாலையும் தவிர வேறெதையும் காணாத ஆறு மணி நேரம் அது. காலை 5.40-க்கு, ஏறக்குறைய 6,000 மீட்டரில், இளைஞர் தம் கொக்கியைச் சரிவில் பொருத்தியிருந்த அடுத்த கயிற்றுக்கு மாற்ற வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார். கொக்கியின் வாயைத் திறந்தார். கயிறு அதற்குள் போகவில்லை. மறுபடி திறந்தார். கயிற்றுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, வெற்றுக் காற்றில் கொக்கியை மாட்டிவிட்டு, மாட்டியாயிற்று என்று சொன்னார்.

வழிகாட்டி அவரைச் சமதளமான ஒரு பனித்திட்டில் நிறுத்தி, கயிற்றைத் தம் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாம் அடியில் இளைஞர் பக்கவாட்டில் சாய்ந்தார். உயரத்தால் மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் முதல் அடையாளம் இந்தத் தள்ளாட்டம். கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் உயிரைப் பறித்துவிடும். வழிகாட்டி, மூளை வீக்கத்தைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் மாத்திரை ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து "தீதி (அக்கா), கீழே" என்றார்.

நான் நன்றாக இருந்தேன். மூச்சு சீராக இருந்தது, கால்கள் கேட்டபடி நடந்தன, சிகரத்துக்கு 250 மீட்டர்தான் மிச்சம், எட்டு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மேலே போகும் கயிற்றோடு என்னைச் சேர்த்துவிடும்படி கெஞ்சினேன். அந்த இரண்டு கயிறுகளும் எங்களைவிட வெகுதூரம் மேலே போய்விட்டிருந்தன. தள்ளாடும் ஒருவரைச் சரிவில் இறக்க, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் வேண்டும். அந்தப் பின்னால் ஒருவர் நான்தான். அழுதுகொண்டேதான் இறங்கினேன், கோபமும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இறங்கும் வழியில் 2017 நவம்பர் 30 நினைவுக்கு வந்தது. ஓகிப் புயல் அடித்த அந்த நாளில், எங்கள் கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலருக்குத் திரும்பிவிடுங்கள் என்ற செய்தியே போய்ச் சேரவில்லை. எனக்கோ, திரும்பு என்று சொல்ல ஓர் ஆள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். 7.30 மணிக்கு அண்ணாந்து பார்த்தபோது, மற்ற இரண்டு கயிறுகளும் முகட்டில் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. அன்று பிற்பகல் நிமாலிங்குக்கு இறக்கிய பிறகு, இளைஞர் தம் காலணிக் கயிற்றைத் தாமே முடிச்சிட்டுக்கொண்டார்.

ஊர் திரும்பிய மறுநாள், வலை பின்னிக்கொண்டிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிகரத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று பேரையும் கயிற்றில் எப்படிக் கட்டினார்கள் என்று கேட்டார். வள்ளத்து நைலான் கயிற்றை எடுத்து எட்டு வடிவ முடிச்சைப் போட்டுக் காட்டினேன். அவரும் ஒருமுறை போட்டுப் பார்த்து, முனையைத் தூணில் மாட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்துப் பின்னால் சாய்ந்து இழுத்தார். பிறகு இறுகிப்போன முடிச்சை நகத்தால் நெம்பியபடி, "பிடிக்கது நல்லாப் பிடிக்கு. அவுக்கத்தான் பாடு" என்றார்.