வெளியிலிருந்து ஒருவர்

போன ஆடி மாசம் சர்ச் வாசல் சுவரில் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தார்கள். புதிதாக ஐந்து வீட்டு ஜெபக்குழுக்கள் ஆரம்பிக்கப் போகிறோம் என்று எங்கள் பாஸ்டர் ஐயர் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அதற்கான பட்டியல். முதலில் பகுதி, அடுத்து கூடும் நாள், கடைசியில் குழுத் தலைவர். பஜாருக்கு நேரே ரிட்டயர்டு வாத்தியார் பேர். ஆஸ்பத்திரி ரோட்டுக்கு ஒரு நர்ஸம்மா பேர். எங்கள் லைனுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, நேரே பேரே இல்லை. 'வெளியிலிருந்து ஒருவர்' என்று எழுதியிருந்தது.

குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அங்கேயே நின்று திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கள் லைனில் முப்பத்தெட்டு வீடு, அதில் பாதிக்கு மேல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அத்தனை பேரில் ஒருத்தர்கூடவா கிடைக்கவில்லை? மனசு விட்டுப்போச்சு.

நான் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்த நீலகிரிப் பந்தலூர்ப் பக்கம் வந்தது 1974இல், பத்து வயதில். நம்ம ஆட்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவும் ஒப்பந்தம் போட்டார்கள், எங்கள் ஆட்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் சிலோனுக்கு என்று. யாரும் எங்கள் அப்பாவைக் கேட்கவில்லை. பத்து வருஷம் கழித்து எங்கள் முறை வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினவர்களும் அழுதார்கள், வழியனுப்ப நின்றவர்களும் அழுதார்கள், அதனால்தான் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், அப்புறம் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. திரும்பி வருகிற ஆட்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இலேயே அரசாங்கம் இங்கே தேயிலை போட ஆரம்பித்திருந்தது. சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் என்று பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் பச்சையாக விரிந்து கிடக்கிறதே, அதில் எங்கள் அம்மா கையால் நட்ட செடியும் இருக்கிறது. காகிதத்தில் எங்களுக்குப் பேர் தாயகம் திரும்பியோர். பஜாரில் சிலோன்காரங்க. கோபம் வந்தால் அகதி.

வந்த புதிதில் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினாள். "ஒரு றாத்தல் பாண் குடுங்க" என்றேன். கடைக்காரர் மலையாளத்துக்காரர், நல்ல மனுஷன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "பானையோ? அது சந்தையில்தான் கிட்டும் மோளே" என்றார். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பிரெட்டைக் காட்டினேன். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்காமல் ஒரு பன்னையும் சேர்த்துச் சுற்றிக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க என்னைக் கண்டால் "பானை வேணுமோ?" என்று கேட்பார், கேட்டுவிட்டு ஒரு மிட்டாய் தருவார். அந்தக் கடை இப்போது இல்லை. அந்த ருசி நாக்கில் இருக்கிறது.

சரி, பழகிப்போச்சு. ரேஷன் கார்டு, ஓட்டு, ஆதார் எல்லாம் இருக்கிறது. பாண் பிரெட்டாகி, சாயத்தண்ணி கட்டன் சாயாவாகி, லயம் லைனாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. என் பிள்ளைகள் மூன்று பேரும் இங்கேதான் பிறந்தார்கள், என் பெற்றோர் இரண்டு பேரும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். இதுதான் என் ஊர் என்று யாரிடமும் சொல்வேன். ஆனால் அந்தப் பேப்பரைப் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை, கண்ணை மூடினால் சிலோனில் நாங்கள் இருந்த மஸ்கெலியாதான்.

அங்கே எங்கள் லயத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஜெபம். ஒரே ஒரு காம்பரா, அதாவது ஒரு அறை, அதற்குள் இருபது பேர். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைக் கழுவிக் காயவைத்துத் தரையில் விரித்திருப்பார்கள், எவ்வளவு கழுவினாலும் அதில் பச்சைத் தேயிலை வாசம் போகாது. நடுவில் ஒரு குப்பி லாம்பு. உபதேசியார் தோட்டம் தோட்டமாக நடந்து வருகிறவர், மாசத்துக்கு ஒரு தடவைதான் எங்கள் பக்கம் தலை காட்டுவார். மற்ற வாரமெல்லாம் ஜெபத்தை நடத்தினது என் பெரியம்மா. பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சங்கீதம் இருபத்து மூன்றும் தொண்ணூற்று ஒன்றும் நூற்று இருபத்தொன்றும் மனப்பாடம். பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கிற அந்த நூற்று இருபத்தொன்றைச் சொல்லும்போது நாங்கள் பிள்ளைகள் எல்லாம் கதவு வழியாக வெளியே பார்ப்போம், சீசன் காலத்தில் சிவனொளிபாத மலையில் உச்சி வரைக்கும் லைட்டு வரிசையாக எரியும். அந்தப் பர்வதத்தைத்தான் பெரியம்மா சொல்கிறாள் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா எங்களோடு வரவில்லை. அவள் வீட்டுக்காரருக்குச் சிலோன் பிரஜாவுரிமை கிடைத்தது, எங்கள் அப்பாவுக்கு இந்தியா. கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேரும் இரண்டு தேசமானார்கள்.

தூக்கம் வராமல் எழுந்து பைபிளை எடுத்தேன். அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம். சின்ன வயதிலிருந்து கேட்ட பகுதிதான், ஆனால் அன்றைக்குத்தான் என் கண்ணுக்கு அது பட்டது. எருசலேம் சபையில் ஒரு முறுமுறுப்பு. கிரேக்க பாஷை பேசுகிற ஆட்களின் விதவைகளுக்குத் தினமும் கொடுக்கிற சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை. அதைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்துகொள்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பேர். அதிலும் நிக்கொலா அந்தியோகியாக்காரன், யூதனாகப் பிறந்தவன்கூட இல்லை. யாருக்குக் குறை இருந்ததோ அந்தப் பக்கத்திலிருந்தே ஆள் எடுத்திருக்கிறார்கள். நான் அந்த ஏழு பேரையும் விரல் விட்டு எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன்.

மறுநாள் ஐயர் வீட்டுக்குப் போனேன். ஐயர் என் மகன் வயசு, பொறுமைசாலி. "உங்க லைனை ஒதுக்கணும்னு செய்யலம்மா. வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க எல்லாம் திருப்பூர், கோயமுத்தூர்னு போயிட்டாங்க. இருக்கிறவங்க வயசானவங்க. பாடம் நடத்தணும், மாசாமாசம் ரிப்போர்ட் எழுதணும், யாரைப் போடுறது சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. எங்கள் லைனில் எத்தனையோ வீட்டுக்குப் பூட்டு, பிள்ளைகள் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள், கிறிஸ்துமஸுக்குத்தான் ஊர் நிறையும். ஆனாலும் எனக்கு அடங்கவில்லை. "நீங்க தேடுறது வாத்தியார் ஐயா, தலைவர் இல்லை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று பயம். அந்த ஏழு பேரையும் சொன்னேன். ஐயர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவரே ஒரு சங்கதி சொன்னார். 1742இல் இங்கிலாந்தில் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் சபையை ஆரம்பித்த ஜான் வெஸ்லியின் ஆட்களுக்கு ஜெபவீடு கட்டின கடன் அடைபடாமல் இருந்ததாம். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று வைத்து, பதினொரு பேரிடம் வசூலிக்க ஒருத்தர் பொறுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். அந்த ஒருத்தர் வாராவாரம் வீடு வீடாகப் போனபோதுதான் எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் சாராயம், எந்த வீட்டில் சீக்கு என்று தெரிய வந்திருக்கிறது. அந்த வசூல்காரர்களே குழுத் தலைவர்களானார்களாம். "மூணு மாசம் எடுத்துக்கோங்கம்மா" என்றார்.

வசூல் என்றதும் எனக்கு ஆள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் பி.காம். படித்த ஒரு தம்பியிடம்தான் போனேன். நல்ல பிள்ளை, பேச்சு அருவி மாதிரி கொட்டும். இரண்டு வாரம் ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணினான், நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து எடுத்த பெண்கள் சுவரில் சாய்ந்து தூங்கினார்கள். மூன்றாவது வாரம் அவனுக்குக் கோயமுத்தூரில் வேலை கிடைத்தது. சந்தோஷமாக வழியனுப்பினோம்.

அப்புறம்தான் அக்கா. நாலாவது வீட்டு அக்கா, அறுபத்தாறு வயசு, முட்டி வலி. அவரும் சிலோனில் தலவாக்கலையிலிருந்து வந்தவர். லைனில் யார் செத்தாலும் வீட்டுக்கு நூறு ரூபாய் வசூல் பண்ணி, நோட்டில் குறிக்காமல் மனசிலேயே வைத்து, ஒரு ரூபாய் குறையாமல் கொண்டுபோய்க் கொடுப்பவர். பெட்டி வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் வெந்நீர் கொதிக்கிறது என்றால் அக்கா வந்துவிட்டார் என்று அர்த்தம். ஐம்பது வருஷமாகப் பக்கத்தில் இருந்தவர், எனக்கே கண்ணில் படவில்லை.

"எனக்கு எழுத்து வாசனையே கிடையாது தங்கச்சி, சும்மா இரு" என்றார். மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேன். அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தார். "எங்க லயத்துலயும் அப்பிடி ஒருத்தி இருந்தா" என்றார். அதுதான் சம்மதம்.

ஏழு மணிக்குக் கூட்டம் என்று பட்டியலில் போட்டிருந்தது. பஜாருக்கு ஏழு மணி சரி. எங்கள் லைனுக்குக் கீழே பலாமரம் நிற்கிறது, பலா பழுத்துவிட்டால் இருட்டினதும் யானை வரும். அதனால் ஐந்தரைக்கு வைத்தோம், வேலை முடிந்து வந்து முகம் கழுவினதும் நேரே. முதல் நாள் பத்துப் பேர். ஒன்பதாவது படிக்கிற பேத்தி வேதம் வாசித்தாள், ஒரு தாத்தா பாட்டு எடுத்துக் கொடுத்தார். பாட்டு முடிந்ததும் எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா எங்களை ஒரு சுற்று எண்ணினார். "கடைசி வீட்டுக்காரி ஏன் வரல?"

யாருக்கும் தெரியவில்லை. பேத்தியை அனுப்பினார். அந்த அம்மா மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்திருக்கிறார், மகன் திருப்பூரில். பத்தடி தூரத்தில் இருந்த எங்களுக்குத் தெரியாது. அக்கா எழுந்து உள்ளே போய் ரசத்தைச் சூடு பண்ணி ஒரு தூக்கில் ஊற்றினார், நாங்கள் எல்லாரும் அப்படியே எழுந்து அந்த வீட்டுக்குப் போய்விட்டோம். மீதி ஜெபம் அங்கேதான் நடந்தது. மழை சத்தத்தில் யார் ஜெபித்ததும் கேட்கவில்லை. எனக்குத் தேயிலை வாசம் வந்தது, படங்கு வாசம். அங்கே படங்கே கிடையாது, தரையில் பிளாஸ்டிக் பாய்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அக்கா அதே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார். மூன்றாவது மாசம் பதினாறு பேராகி அறையில் கால் மடக்க இடமில்லை. பிரித்து இரண்டாக்குங்கள் என்றார் ஐயர். யாருக்கும் மனசில்லை, எனக்கும்தான். எங்களைப் பிரித்ததெல்லாம் போதாதா என்று வாய்வரைக்கும் வந்தது. அக்காதான் வழி கண்டுபிடித்தார். கீழ்லைனிலிருந்து வருகிற மருமகப்பெண் ஒருத்தியைப் பக்கத்திலேயே உட்கார வைத்து, ஒரு மாசம் அவளையே எண்ண விட்டார், அவளையே கேட்க விட்டார், தூக்கு எடுத்துப் போகிறபோதும் அவளைத்தான் கூட்டிப் போனார். இப்போது கீழ்லைன் ஆட்கள் அவளைத் தேடி வந்து சங்கதி சொல்கிறார்கள்.

போன வாரம் அக்கா, "யாரு வரல?" என்றபோது பாட்டு எடுக்கிற தாத்தா, "என் தம்பி" என்றார். நாங்கள் முழித்தோம். அவர் தம்பி பொகவந்தலாவையில் நின்றுவிட்டவர், கப்பலேறின பிறகு பார்க்கவேயில்லை. அக்கா சிரிக்கவில்லை. "பேரைச் சொல்லுங்க" என்று கேட்டு, பேத்தியிடம் நோட்டில் எழுதச் சொன்னார். அப்புறம் ஒவ்வொருத்தராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கம் நிறைந்துவிட்டது, ஹட்டன், தலவாக்கலை, திருப்பூர், டிக்கோயா, மறுபடியும் திருப்பூர். நான் பெரியம்மா பேரைச் சொன்னேன். அவள் இருக்கிறாளா இல்லையா என்றுகூடத் தெரியாது, இருந்தால் நூறு வயசை நெருங்கியிருப்பாள். பேத்தி, "மஸ்கெலியாவுக்கு எந்த 'ஸ' பாட்டி?" என்று கேட்டாள். நோட்டை வாங்கி நானே எழுதினேன்.

கீழ்லைன் குழு வருகிற வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கிறது, மருமகப்பெண் வீட்டில், ஐந்தரை மணிக்கு. சர்ச் சுவரில் புதுப் பேப்பர் ஒட்டிவிட்டார்கள், எங்கள் லைனுக்கு நேரே அக்கா பேர் இருக்கிறது. அக்காவைக் கூட்டிப் போய்க் காட்டினேன். எது தன் பேர் என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். "இவ்வளவு நீளமா?" என்றார்.